தெரியாத வட்டும் பச்சைப் பொட்டலமும்

திங்கட்கிழமை காலை பத்து மணி. தைவானின் தைச்சுங் நகர ஓரத்தில் ஒரு லிஃப்ட் தொழிற்சாலை. சோதனை அறையின் பழைய கணினியில் பொறியாளர் பெய்-சான் தன் வெளி வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, செருகினாள். ‘டிங்’ என்று ஒலி வந்தது. வட்டின் விளக்கும் எரிந்தது. திரையில் மட்டும் வட்டைக் காணோம்.

“நான்தான் சொன்னேனே மேடம்,” என்றார் மேலாளர் தெங், நகரப் பாதுகாப்பு ஆய்வாளர் திருமதி ஃபானிடம். “பிரேக் வழுக்குதுங்கிறது இவ கட்டின கதை. மன்னிப்புக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகட்டும்.”

“கையை வெட்டினாலும் போடமாட்டேன்,” என்றாள் பெய்-சான்.

அதே பிரேக் வைத்த லிஃப்டுகள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. பிரேக் சரியென்று சான்று தர மறுத்ததால் அவளைப் போன செவ்வாய்க்கிழமையே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார் தெங். சோதனை முடிவுகள் அந்த வட்டில் மட்டுமே இருந்தன. அவற்றைப் படிக்கும் மென்பொருளோ இந்தக் கிழட்டு விண்டோஸில்தான் ஓடும்.

ஃபான் கணினியின் தலையிலிருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை எடுத்தார். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க அந்த ஊரில் எல்லாரும் வைப்பதுதான்; காலாவதியானால் பலிக்காது என்பது நம்பிக்கை. இதற்குக் காலாவதி ஆக இன்னும் மாதங்கள் இருந்தன. மேல் ஓரத்தில் ஒரு சிறு துளை, சுற்றிலும் சிவப்புச் சாயம்.

“இந்த ரூமுக்கு யார் வருவாங்க?”

“இவளை நிறுத்தின அன்னைக்கே பூட்டிட்டேன். ஒரே சாவி, என் பையில. ஒரு ஈ காக்கா நுழைஞ்சிருக்காது. நானும் வரல.”

“பேய் மாசத்துல ஆவிகளுக்கு வைக்கிற படையலை எப்ப வெச்சீங்க?”

“வெள்ளிக்கிழமை, வாசல்ல.”

“பெய்-சான் வந்தாங்களா?”

“கேட்டுக்குள்ளயே விடல!” அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஃபான் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். “வட்டு செத்திருந்தா மணி அடிக்காது. பாருங்க, ஒவ்வொரு வட்டுக்கும் கணினி ஒரு எழுத்து கொடுக்கும்; இதுக்கு எஃப். அதே எஃப்பை அலுவலகப் பொது ஃபோல்டருக்கும் யாரோ கொடுத்திருக்காங்க. ஒரே நாற்காலியில ரெண்டு பேர். பழைய விண்டோஸ் ஒருத்தரைத்தான் காட்டும்.”

வட்டின் எழுத்தை மாற்றினார். கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

“அது இவ வேலை!” என்றார் தெங்.

“இல்ல சார், உங்க வேலை. படையல்ல ஒவ்வொரு பொட்டலத்துலயும் ஊதுவத்தி குத்துவோம். அந்த ஓட்டையும் ஊதுவத்திக் குச்சியோட சிவப்புச் சாயமும் இதுல இருக்கு. வெள்ளிக்கிழமை படையல் வெச்ச பொட்டலம், அதுக்கு முன்னாடியே பூட்டின அறைக்குள்ள எப்படி வந்துச்சு? சாவி உங்ககிட்ட மட்டும்தானே?”

“என் பழைய பொட்டலம் காலாவதி ஆயிடுச்சு,” என்றாள் பெய்-சான். “அதை வெச்சுக்கிட்டு மெஷினைத் தொட சாருக்குப் பயம். அதான் படையல்ல இருந்து புதுசு கொண்டுவந்து வெச்சிருக்கார்.”

மனிதருக்கு வட்டை மறைக்கத் துணிவு இருந்தது. பொட்டலத்தை ஏமாற்றத்தான் இல்லை.

“சரி, வந்தேன்! அதுக்காக பிரேக் கெட்டுப்போச்சா? பிரேக் பத்தரைமாத்து!”

பெய்-சான் பக்கத்துச் சோதனைக் கோபுரத்தில் அதே பிரேக் வைத்த லிஃப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஏறுங்க சார். எட்டாவது மாடிக்குப் போய் பிரேக் பிடிக்குதான்னு பார்த்துடலாம்.”

தெங் வாசலைத் தாண்டவில்லை. ஃபான் லாரியை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். பெய்-சான் கதவை விடவில்லை.

“என்ன சார், கிழவங்க மட்டும்தான் ஏறணுமா?”