கடைசி இருக்கையின் பெருமூச்சு

வேன் நின்ற பிறகுதான் அது மூச்சு விடும்.

ஓடும்போது ஒன்றும் தெரியாது. பழைய வண்டிக்கே உரிய கடகடப்பும் முனகலும் மட்டும் கேட்கும். அம்மா சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துவாள். சத்தமெல்லாம் அடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள், ஆளே இல்லாத கடைசி இருக்கைப் பக்கமிருந்து அது வரும்.

"ஸ்ஸ்ஸ்... ஹா..."

யாரோ வெகுதூரம் நடந்து, கால் ஓய்ந்து உட்கார்ந்தது போல.

பிறகு கடைசி ஜன்னல் மட்டும் மெல்ல மங்கும். ஒரு தித்திப்பு வாசனை பரவும். மறுநாள் காலையில் பார்த்தால், வேனின் பின்பக்கத்துக்குக் கீழே, தெருத்தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன். ஓட்டுபவள் மிளகின் அம்மா. மிளகு என்பது பட்டப்பெயர்தான். பத்து வயதுக்கு ஆள் சின்னது, பேச்சில் காரம் அதிகம் என்பதால் வந்த பெயர்.

"என்னைக்கோ ஒருத்தர் ஏறினாராம். இறங்கவே இல்லையாம்" என்று வேனில் ஒருவன் கதை கட்டிவிட்டான். கதைக்குக் கால் முளைத்தது. பன்னிரண்டு பிள்ளைகள் வந்த வேனில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டியான பஞ்சு, படியில் கால் வைத்தாலே அழுதாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். "திங்கட்கிழமையும் பிள்ளைங்க ஏற மாட்டேன்னா, வேற வண்டி வச்சுக்குறோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா அன்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே இருந்தாள். மிளகு அதைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. தெரு மேடாக ஏறும் இடத்தில்தான் இவர்கள் வீடு. வாசலில், மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு வேன் நின்றது. பனிக்குள் அதன் இரண்டு விளக்குகளும் தூங்காத கண்கள் போல இருந்தன.

மாமா பட்டறைப் பெட்டியோடு வந்தார். அம்மாவின் தம்பி. மெக்கானிக். தூண் போன்ற கை, இடி போன்ற குரல். பெயரே இடி மாமாதான்.

"பேயாவது பிசாசாவது! எல்லாம் மனப்பிராந்தி" என்று உரக்கச் சொன்னார். ஆனால் வேனுக்குள் போகும்போது ஒரு காலை வெளியிலேயே வைத்திருந்தார்.

இன்ஜினைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தினார். ஒன்று. இரண்டு.

"ஸ்ஸ்ஸ்... ஹா..."

இடி மாமா வேனுக்கு வெளியே இருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"டேய், நீதானே மெக்கானிக்கு?" என்றாள் அம்மா.

"அக்கா, பின்னாடி ஒழுகுதுன்னு பின்னாடி இருக்குற ஹோஸை ரெண்டு தடவை மாத்திட்டேன். புது ரப்பர், புது கிளிப்பு. அப்பவும் ஒழுகுது, அப்பவும் பெருமூச்சு விடுது. இது ஸ்பேனர் போட்டு முறுக்குற விஷயம் இல்ல."

"அப்போ மந்திரம் போட்டு முறுக்கு. நாளைக்கு நான் வண்டி எடுத்தாகணும்."

இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மிளகு வேனைப் பார்த்தாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எங்க வலிக்குது?" என்றுதான். இங்கே இத்தனை நாளாக ஒன்று பெருமூச்சு விடுகிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லையே?

அவள் உள்ளே ஏறினாள். மாமாவின் செருப்பைத் தாண்டினாள். இருக்கைகள் இருபுறமும் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருந்தன. கடைசி இருக்கைக்கு வந்தாள். ஓரத்தில், ஒருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு எங்க வலிக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்ஸ்ஸ்..."

ஜன்னல் மங்கத் தொடங்கியது. மங்கிய கண்ணாடியில் முதலில் ஒரு விரல் தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஐந்து விரல்களும் விரிந்த ஒரு கை, கண்ணாடிக்குள்ளிருந்து மெல்ல முளைத்தது.

மிளகுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்தக் கை சின்னதாக இருந்தது. ரொம்பச் சின்னது. அவள் தன் கையை மெல்ல அதன்மேல் வைத்தாள்.

அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அட! நேற்று ஜன்னல் துடைத்தது யார்? தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு நின்றது யார்? எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் ஆவி சரியாகப் படியவில்லை. அவ்வளவுதான். தன் கையைப் பார்த்தே பயந்திருக்கிறாள்!

பயம் பாதி போனது. மீதிப் பாதி இருக்கும்போதே, கணுக்காலில் சூடாக ஏதோ ஊதியது.

குனிந்து பார்த்தாள். கடைசி இருக்கைக்குக் கீழே ஒரு கம்பித் தட்டி. குளிர்காலத்தில் வண்டிக்குள் சூடு வரும் வழி. அதிலிருந்துதான் மூச்சு வந்தது. ஈரமான, தித்திப்பான மூச்சு.

"இங்கேயா வலிக்குது?"

காதைத் தரையில் வைத்தாள். தரைத் தகட்டுக்கு அடியில் சத்தம் போய்க்கொண்டிருந்தது. தட்டிப் பக்கம் மெல்லியதாக, முன்பக்கம் கொஞ்சம் கனமாக. தவழ்ந்து மூன்றாவது வரிசைக்கு வந்தாள். இன்னும் கனம். இரண்டாவது வரிசை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்தபோது அது பெருமூச்சாகவே இல்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல "சுர்ர்ர், சுர்ர்ர்" என்றது.

"மாமா! மூச்சு வெளிய வர்றதுதான் பின்னாடி. காயம் முன்னாடி இருக்கு!"

மாமா ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினார். "காயமா? யாருக்கு?"

"வண்டிக்கு! வந்து காதை வச்சுப் பாருங்க."

மாமா காதை வைத்தார். அவர் முகம் பயந்தவர் முகத்திலிருந்து மெக்கானிக் முகமாக மாறியது.

"அடடா... இன்ஜினுக்குப் பின்னாடி ஒரு குட்டி ஹோஸ் இருக்குக்கா. அதுல கீறல் விட்டிருக்கு. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணி சூடான சைலன்ஸர் குழாய்ல பட்டு ஆவியாகுது. ஆவி தரைக்கு அடியில போய் தட்டி வழியா வருது. மிச்சம் குழாய் மேலயே வழிஞ்சு..." அவர் சரிவைப் பார்த்தார். "வண்டி மூக்கைத் தூக்கி நிக்குதுல்ல? பின்னாடி ஓடிப் போய்ச் சொட்டுது. நான் சொட்டுற இடத்தையே மாத்திட்டு இருந்திருக்கேன்!"

"ரெண்டு தடவை" என்றாள் அம்மா.

"அதைச் சொல்லாம இருக்க முடியாதே உனக்கு."

இன்ஜின் ஆறும்வரை தொடக் கூடாது என்றார் மாமா. "சூட்டுல மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும். அந்தப் பச்சைத் தண்ணி தித்திப்பா மணக்குதேன்னு நாக்கு வச்சுடாதே மருமகளே. விஷம்."

மூவரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பனிக்குள் வேன் "டிக்... டிக்..." என்று ஆறியது.

ஆறியதும், முன் இருக்கையைக் கழற்றி இன்ஜின் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே இருட்டுக் கிணறு. மாமா கையை விட்டார். முழங்கையோடு நின்றது. திடீரென்று அலறினார்.

"அக்கா! யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க!"

மிளகு டார்ச் அடித்துப் பார்த்தாள். "மாமா, உங்க வாட்ச் கம்பியில மாட்டியிருக்கு."

வாட்ச்சைக் கழற்றியும் அந்தத் தூண் கை போகவில்லை. அம்மா வளையலைக் கழற்றி வைத்தாள். அவள் கை போனது. ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மிளகு ஒரு கையில் டார்ச்சையும் மறு கையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கிளிப்பு தெரியுதும்மா. திருகு கீழ்ப்பக்கமா இருக்கு. இன்னும் உள்ள. உங்க சுண்டுவிரல் பக்கம். அதேதான்!"

அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வளைந்த ரப்பர் குழாய் வெளியே வந்தது. விரல் நீளம்தான் இருந்தது. மாமா அதை அமுக்கினார். நடுவிலிருந்த கீறல் உதடு போலத் திறந்து மூடியது. மூவருக்கும் முதுகு சிலிர்த்தது.

"புதுக் கிளிப்போட திருகை மேல பார்த்து வைங்கம்மா" என்றாள் மிளகு. "அடுத்த தடவை கஷ்டப்பட வேணாம்."

மாமா அக்காவைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் நான் ஒரு மெக்கானிக்குக்கா மாமாவா இருந்திருக்கேன்?"

புது ஹோஸ் ஏறியது. புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். இன்ஜினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. பத்து. இருபது.

ஒன்றுமே இல்லை.

"சத்தமே இல்லாம இருந்தா இன்னும் பயமா இருக்கே" என்றார் இடி மாமா, கிசுகிசுப்பாக.

திங்கட்கிழமை காலையிலும் பனி விலகவில்லை. முதல் நிறுத்தத்தில் பஞ்சு தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், வேனை விட்டு நின்றுபோனவர்களில் நான்கு பிள்ளைகளும் அவர்களின் பெற்றோர்களும் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

அம்மா வேனை நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். தெருவே காது கொடுத்தது. பனித்துளி ஒன்று கூரையில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

மிளகு இறங்கி வந்து, பஞ்சுவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தப் பழைய ஹோஸை எடுத்தாள். கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள்.

"பெருமூச்சு விட்டது இதுதான். பாவம், இதுக்கு அடிபட்டிருந்துச்சு. தொட்டுப் பாரு."

பஞ்சு ஒரு விரலால் தொட்டாள். பிறகு கையில் வாங்கி, கீறலைத் தடவினாள்.

"வலிச்சதா இதுக்கு?"

"நாங்க மாத்திட்டோம்ல."

பஞ்சு யோசித்தாள். அப்பாவின் காலை விட்டாள். படியேறி, ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி, நேராகக் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். இருக்கைக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தாள். பின்பு பக்கத்து இடத்தைத் தட்டி, வெளியே நின்ற நான்கு பேரையும் பார்த்துக் கத்தினாள்:

"இங்க யாரும் இல்ல! வாங்க, வந்து உக்காருங்க!"