பலகை இடுக்கில் நீலம்

ஒழுகும் வண்டி என்றால் மயில்சாமியைக் கூப்பிடு என்று திருப்பூரில் அப்போது சொல்வார்கள். எனக்கும் அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசியில் ஒரு மத்தியானம், நல்லூரில் சாமியப்பனின் சாயப்பட்டறைக்கு அந்தத் திமிரோடுதான் சைக்கிளில் போய் இறங்கினேன்.

டீசல் பிக்கப் வண்டி வாசலில் நின்றது. அடியில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம்.

"எட்டு நாளா இப்படித்தான் மயில்சாமி. சாயங்காலம் ஞானாம்பாளைப் பிரசவத்துக்குக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போகோணும். படுத்துட்டுப் போக இந்த வண்டிதான் தோது. பிரேக் ஆயிலா இருந்தா இப்பவே சொல்லிப்போடு" என்றார் சாமியப்பன். ஞானாம்பாள் அவருக்கு ஒரே மகள்.

என் வைத்தியம் எளிது. வெளுத்த பனியன் வேஸ்ட் துணியை இன்ஜினுக்கு அடியில், கியர்பாக்ஸுக்கு அடியில், பின் அச்சுக்கு அடியில் விரித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பேன். கறுப்பென்றால் இன்ஜின் ஆயில். டீசல் தன் வாடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைத் துணி பொய் சொல்லாது.

மூன்று துணியும் காய்ந்தே கிடந்தன. சுமை ஏற்றும் பலகைக்கு நேர் கீழே மட்டும் தரை நனைந்துகொண்டிருந்தது. அங்கே குழாயும் இல்லை, டேங்கும் இல்லை. நாலாவது துணியை அங்கே போட்டேன். நீலமாக ஊறியது. முகர்ந்தால் சாயத்தொட்டி வாடை.

"ஈர மூட்டை ஏத்தினீங்களா?" என்று டிரைவர் நாச்சிமுத்துவைக் கேட்டேன்.

"எட்டு நாளா எதுவும் ஏத்தலீங்ணா." அவன் வண்டிப் பக்கமே வரவில்லை.

மேலே ஏறித் தடவிப் பார்த்தேன். வெயிலில் பலகை சுட்டது. பொட்டு ஈரம் இல்லை.

மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். வெளிச்சம் மங்கியது. பட்டறைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பலகை இடுக்கில் ஒரு சொட்டு திரண்டு, என் நெற்றியில் சில்லென்று விழுந்தது.

பலகை மெல்ல வளைந்தது.

மேலே யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

பிறகு, நகத்தால் பிராண்டும் சத்தம்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. நாச்சிமுத்து என்னைச் சுவரோரம் இழுத்துப் போனான்.

"மாரக்காள்னு ஒரு புள்ளைங்ணா, சாயத்துல வேலை. ரெண்டு ஷிப்டு பார்த்த அலுப்புல வண்டிப் பலகை மேலயே படுத்துத் தூங்கிட்டா. விடியக் கருக்கல்ல, காயப்போட எடுத்துட்டுப் போற ஈர மூட்டையெல்லாம் மாடியிலிருந்து தூக்கிப் போட்டோம். கீழ ஆள் கெடக்குதுன்னு யாரும் பார்க்கலை. காட்டுல எறக்கறப்பத்தான்..." அவன் பலகையைக் கண்ணால் காட்டினான். "பாம்பு கடிச்சுதுன்னு சொல்லச் சொன்னாருங்ணா மொதலாளி."

அந்தப் பலகையில்தான் மகளைப் படுக்கவைக்கப் போகிறார். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும். ஞானாம்பாள் என்ன பாவம் செய்தாள்?

இருபது வருஷத் தொழிலில் முதல் பொய்யைச் சொன்னேன். "பிரேக் போயிருச்சுங்க மொதலாளி. உசுரு போற சமாச்சாரம். வண்டிய எடுக்காதீங்க."

அவர் உடனே வாடகைக் காருக்கு ஆள் அனுப்பினார். கார் வந்ததும் ஞானாம்பாள் பின்சீட்டில் வலப்பக்கக் கதவோரம் சாய்ந்து, சீட்டு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டாள். அப்பா முன்னால் உட்கார்ந்தார். கதவுகளை நானே சாத்தினேன். அப்பாடா என்றிருந்தது.

கார் நகரத் தொடங்கியது.

பின்னால், அவள் இல்லாத இடப்பக்கம், ஸ்பிரிங் கிறீச்சிட்டு நாலு விரற்கடை தாழ்ந்தது.

நிறுத்தச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். அதற்குள் கார் வாசலைத் தாண்டியது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஞானாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்து, நீட்டியிருந்த காலை மடக்கி இடம் விட்டாள்.