இருமாத ஜெபம்

காலை ஜெபத்தில் நான் முதலில் கேட்பது வசனத்தை அல்ல, இருமலைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, யார் இருமுகிறார், யார் மூச்சு வாங்குகிறார், யாருடைய வீட்டுக் குக்கர் பின்னால் விசில் அடிக்கிறது என்று காதைத் தீட்டி வைத்திருப்பேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். நான் மட்டுமல்ல, எங்கள் குழுவில் எல்லாருமே அப்படித்தான்.

விடிந்ததும் சமையலறைச் சுவரில் இருக்கும் வகுப்புத் திரையில், நாங்கள் கண்ணாடி என்கிறதில், நான்கு முகங்கள் தெரியும். கோத்தகிரியில் பள்ளி நடத்தும் ஷெர்லின், மதுரைக் கல்லூரி முதல்வர் ஆசீர் ஐயா, வேலூரில் அச்சகம் பார்க்கும் லிவிங்ஸ்டன், சாலோம்புரத்தில் பிள்ளைகள் இல்லம் நடத்தும் ஓபேத். ஐந்தாவது ஆள் நான், ஹெப்சிபா. எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியின் தற்காலிகக் கண்காணிப்பாளர். ஐந்து பேரும் நிறுவனத் தலைமையில் முதுகலை படிக்கிறோம், கிறிஸ்தவ நோக்கில், முழுக்க இணையவழியில். மாணவர்கள் நேரில் சந்திக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. மீறினால் இரண்டு பேருக்கும் படிப்பு போச்சு.

ஐம்பது வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காத ஆளில்லை. தேவைதான். பட்டம் வாங்கிய மனிதர் தலைமையில் இல்லாத நிறுவனம், நிர்வாகம் பார்க்கும் இயந்திரமான தலைமைப்பொறியின் கைக்குப் போய்விடும் என்பது இப்போது சட்டம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி போன வருடம் அப்படித்தான் போனது. பொறி திருடவில்லை, யாரையும் திட்டவில்லை. துணைக்கு வந்தவர்கள் வராந்தாவில் படுக்கக் கூடாது என்றது, பிரசவ வார்டுக்குப் பின்னால் இருந்த கஞ்சி அடுப்பை அணைத்தது, அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் உள்ளே கத்த, அவளைப் பெற்றவள் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அடுப்பு அணையக் கூடாது. அதற்கு ஈஸ்டருக்குள் எனக்குப் பட்டம் வேண்டும்.

இருமலைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் ஐவரில் ஒருவர் துணைமாணவர். அதாவது முகமும் குரலும் செய்து அனுப்பப்பட்ட இயந்திரம். யார் என்று சொல்ல மாட்டார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயை அடையாளம் காணத் தெரியாதவன் மந்தையை எப்படி மேய்ப்பான் என்பது பாடத்திட்டம் வகுத்தவர்களின் வாதம். கடைசிப் பருவத்தில் குழு ஒருவரை விலக்க வேண்டும். மற்ற நால்வரும் ஒருமனப்படாவிட்டால் யாருக்குமே பட்டம் கிடையாது. விலக்கப்பட்டவர் இயந்திரம் என்றால் நால்வரும் தேர்ச்சி. மனிதர் என்றால்? அப்போதும் நால்வரும் தேர்ச்சிதான், மதிப்பெண் கொஞ்சம் குறையும். விலக்கப்பட்டவர் முதல் பருவத்திலிருந்து மறுபடியும் படிக்க வேண்டும். ஒருமனமே தலைமையின் முதல் கனியாம். நன்றாகத்தான் இருக்கிறது!

தனியாகப் பேச வழியில்லாததால் எங்கள் சந்தேகமெல்லாம் ஜெபக்குறிப்பாகத்தான் வெளியே வரும். நம் ஆட்களுக்கு அது கைவந்த கலை. “நம்ம நடுவுல மறைஞ்சிருக்கிறது வெளிச்சத்துக்கு வரணும், அதுக்காக ஜெபிச்சுக்குங்க” என்பார் ஷெர்லின். “வாயளவில் ஜெபிக்கிறவர்களுக்காகப் பாரப்பட்டு வேண்டிக்கொள்ளுங்கள்” என்பார் ஆசீர் ஐயா. சொல்லும்போது இரண்டு பேரும் பார்ப்பது ஓபேத்தைத்தான். அந்த நெருப்பைப் பற்ற வைத்தவள் நான். ஓபேத் வகுப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார், எல்லாவற்றுக்கும் எழுத்தில்தான் பதில். ஆனால் ஜெபிக்கத் தொடங்கினால் தங்குதடை கிடையாது.

“ஒரு ‘வந்து’ கிடையாது, ஒரு ‘போயி’ கிடையாது. ரெண்டு வருசமா ஒரு இருமல்கூட இல்லங்க. மனுசன் இப்படியா ஜெபிப்பான்?” என்றேன் என் வீட்டுக்காரர் தவசிங்கிடம்.

அவர் வழக்கம்போல் சுக்குத் தண்ணீரை என் முன்னால் வைத்தார். “ஏட்டி, நல்லா ஜெபிச்சா அது ஒரு குத்தமா? அப்பம் நம்ம பாஸ்டர யாரும் சந்தேகப்பட மாட்டாவ.”

“சிரிக்காதீங்க. அடுத்த வாரம் அவரை விலக்கப் போறோம். தப்பாப் போச்சுன்னா அந்தப் பிள்ளைங்க இல்லம் பொறி கைக்குல்லா போயிரும்?”

“அப்பம் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வா.”

அது விதிமீறல் என்று தெரிந்தும் போனேன். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு சாலோம்புரம் பஸ் ஏறினேன். அப்படி ஒரு இல்லமே இருக்காது, பொட்டல் காட்டில் இறங்கித் திரும்பி வரப் போகிறேன் என்றுதான் பாதி வழி வரை நினைத்தேன்.

இல்லம் இருந்தது. முற்றத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டை போடாமல் ஓடும் ஒரு குட்டிப் பயலைத் துரத்திக்கொண்டிருந்தார். “ஏல, நி... நி... நில்லுல!” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பயல் கொய்யா மரத்தில் ஏறிவிட்டான். திரும்பியவர் என்னைப் பார்த்தார். முக்காடு எதற்கு உதவியது? பார்த்த உடனே தெரிந்துகொண்டார்.

“சி... சிஸ்டர் ஹெ... ஹெ...”

என் பெயரை முடிக்க அவருக்கு நேரமானது. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட பாவத்தைச் செய்ய இருந்தேன்!

“ஏன் பிரதர், ஜெபத்துல ஒரு நாளும் திக்கலையே?”

“ம... மனப்பாடம் சிஸ்டர். முந்தின நாளே எ... எழுதி, ராகம் போட்டுப் படிச்சு வச்சிருவேன். பா... பாட்டு மாதிரி வந்துட்டா தி... திக்காது. சும்மா ஜெபிக்கச் சொன்னா எ... எனக்கு ஒரு வார்த்த வராது.”

“இத அவங்ககிட்ட ஒரு வாட்டி பேசிக் காட்டுங்களேன். அதோட சந்தேகம் தீந்திரும்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. முன்பு ஒரு நேர்காணலில் பேச்சு வராதவனுக்குத் தலைமை எதற்கு என்று சிரித்து அனுப்பினார்களாம். இந்தப் படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதால்தான் சேர்ந்தாராம். “சொ... சொல்லிராதிய சிஸ்டர்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் சத்தியம் பண்ணுகிற ஆட்கள் இல்லை. ஆம் என்றால் ஆம். சொல்ல மாட்டேன் என்றேன். இல்லத்துப் பிள்ளை ஒன்று காப்பி கொண்டுவந்து கொடுத்தது. குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

விலக்கு நாள் வந்தது. ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு சின்ன விளக்கு, விலக்கச் சம்மதம் என்றால் எரியும். ஆசீர் ஐயா தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர் ஹெப்சிபா, நீங்களே ஆரம்பியுங்கள். ஓபேத் என்று முதலில் சுட்டியவரே நீங்கள்தானே?”

“சுட்டினேன் ஐயா. இப்ப இல்லைங்கேன். அவரு மனுசர்தான்.”

“ஆதாரம்?”

சாலோம்புரம் போனதைச் சொன்னால் இரண்டு பேருடைய படிப்பும் போகும். திக்குவாயைச் சொன்னால் வாக்கு போகும். “ஆதாரம் ஒண்ணும் இல்ல. நான் அவரை நம்புதேன்” என்றேன்.

லிவிங்ஸ்டன் மெதுவாகக் கேட்டார்: “காரணமே இல்லாம நம்புறதா? மனுஷங்க அப்படிப் பண்ணுவாங்களா?”

“எனக்கும் இப்பத்தான் தோணுது. ரெண்டு வருஷத்துல இவங்க தனக்குன்னு ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்ததில்ல. எப்பப் பாரு ஆஸ்பத்திரி, வராந்தா, கஞ்சி. ஒரு தடவை இருமினதுமில்ல” என்றார் ஷெர்லின்.

தினமும் சுக்குத் தண்ணீர் குடிக்கிறவளுக்கு இருமல் எங்கிருந்து வரும்? அதைச் சொன்னேன். சொன்னது எனக்கே சப்பைக்கட்டாகக் கேட்டது. ஆத்திரத்தில் குரல் உயர்ந்தது, உயர்ந்த குரலும் நடிப்பாகத்தான் பட்டிருக்கும். நம்பாதவர்களிடம் நான் மனுஷிதான் என்று எப்படி நிரூபிப்பது?

என்னை விலக்கச் சம்மதம் என்று ஷெர்லினின் விளக்கு எரிந்தது. லிவிங்ஸ்டன், அடுத்து ஆசீர் ஐயா. மிச்சம் ஓபேத். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னை விலக்க முடியாது, பேச்சு மறுபடியும் அவர் பக்கம் திரும்பும். அவர் வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை திக்கினால் அவரும் தப்பினார். உதடு துடித்ததைப் பார்த்தேன். “பேசுங்க பிரதர்” என்று கெஞ்சினேன். அவர் பின்னால் திரும்பி முற்றத்தைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். விளக்கு எரிந்தது.

அன்று முடிவு ஜெபம் முறைப்படி ஓபேத்தினுடையது. “எங்களைவிட்டுப் பிரிந்துபோகும் சகோதரியை, அவர் யாராயிருந்தாலும், உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்” என்று தொடங்கினார். தெளிவான, அழகான ஜெபம். ஓரிடத்திலும் திக்கவில்லை. என் அடுப்பையும் அதைச் சுற்றி உட்காரும் தாய்மாரையும்கூட மறக்காமல் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பாதி ஜெபத்தில்தான் சுரீரென்று உறைத்தது. எழுதி மனப்பாடம் செய்யாமல் இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வராது. அப்படியானால் இதை நேற்றே எழுதியிருக்கிறார். பிரிந்துபோகிறவள் நான்தான் என்று நேற்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது!

அல்லது இரண்டு ஜெபம் எழுதி வைத்திருந்தாரா? நான் காப்பி குடித்துக் கிளம்பிய அன்றே எழுதினாரா? யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள்? எனக்கு இன்று வரை தெரியாது. எங்களில் இயந்திரம் யார் என்பதும் தெரியாது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஈஸ்டர் கழிந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியைத் தலைமைப்பொறி எடுத்துக்கொண்டது. மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டது. வராந்தா காலியாகிவிட்டது, அடுப்பிருந்த இடத்தைக் கழுவிவிட்டார்கள். அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். சாலோம்புரத்து இல்லத்தில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி. சந்தோஷம். ஆனால் எரிச்சல் தீரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியைத் திரும்ப வாங்க ஒரே வழி பட்டம்தான். முதல் பருவத்தில் மறுபடியும் சேர்ந்தேன். புதுக் குழு, புது முகங்கள் நாலு. ஜெபத்தை நான் தொடங்க வேண்டும் என்றார்கள். சின்ன வயதிலிருந்து தடையில்லாமல் ஜெபிக்கிற வாய் இது. கண்ணை மூடி, இரண்டு வரி சொல்லி, வேண்டுமென்றே ஒரு வசனத்தைத் தப்பாகச் சொன்னேன், திருத்தினேன், பிறகு நன்றாக இருமினேன். அடுத்தவர் தொடங்கினார், அவரும் இருமினார். அதற்கடுத்தவர் திக்கினார், மூக்கை உறிஞ்சினார். சுற்றி முடிவதற்குள் ஐந்து பேரும் இருமிவிட்டோம். ஆண்டவர் பெயரை யார் எந்த இடத்தில் சொன்னார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

கண்ணாடி அணைந்ததும் தவசிங் ஓடிவந்தார். “என்னட்டி, இந்த இருமு இருமுத? இந்தா, சூடா குடி” என்று சுக்குத் தண்ணீரை நீட்டினார்.

“இனிமே அது வேண்டாங்க. நாளைக்கும் ஜெபம் இருக்கு” என்றேன்.