ஒரே முகவரியில் இரண்டு கட்டில்

மூன்றாவது துளையில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஹால் சுவரில் அந்த நெட்வொர்க் பெட்டியை மாட்டியவளே சின்னவள்தான். அதன் ஐந்து துளைகளில் எதிலிருந்து கிளம்பும் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். முதலாவது, வெளியிலிருந்து வரும் இன்டர்நெட். இரண்டாவது, முன்னறையில் அம்மா படுத்திருக்கும் கட்டில். மூன்றாவது, பின்னறையில் அம்மா முன்பு படுத்திருந்த பழைய கட்டில். அந்தப் பழைய கட்டிலில் ஒட்டியிருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு மின்சாரம் கிடையாது. அதன் அடாப்டரைப் பிடுங்கி முன்னறையில் செருகியதும் இதே கைகள்தான். கேபிளைச் சுவர்த் துளை வழியாகத் திரும்ப உருவுவது பெரிய வேலை என்று அப்படியே விட்டிருந்தாள். மறுமுனையில் உயிரில்லாத கேபிளுக்கு விளக்கு எரியாது.

பகல் நேரத்துக்கு வரும் நர்ஸம்மா கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த சால்டரிங் கம்பியின் புகை இன்னும் மூக்கில் நின்றது, குளியலறைக் குழாய் வழக்கம்போலச் சொட்டியது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ உரசி முனகியது. இந்த வாசனையும் சத்தங்களும் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு நடுவில் சத்தமே இல்லாத அந்தச் சிமிட்டல் மட்டும் பழகாததாக இருந்தது.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர், அண்ணனுக்குப் பெரியவன். பெரியவன் கடல் தாண்டிப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான். அம்மாவைச் சின்னவள் தலையில் கட்டியாயிற்று. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, எழுப்பி உட்காரவைத்தபோது டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்: இன்னொரு தடவை விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவுக்கோ விழுந்ததே நினைவில்லை. நினைவு தேய்ந்துகொண்டே வந்து, எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல், திடீரென்று கட்டிலைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எத்தனை நேரம்தான் ஒருத்தி காவல் இருப்பது? ஆஸ்பத்திரியில் வைக்கிற மாதிரி அலாரம் வைத்த கட்டில் வாங்கலாமா என்று கேட்டதற்கு, நீதான் இந்த மாதிரி வேலையெல்லாம் பார்க்கிறவள் ஆயிற்றே, நீயே ஒன்று செய்துகொள்ளேன் என்று பெரியவன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

செய்தாள். பழைய எடை மெஷின்களைப் பிரித்து உள்ளே இருந்த சென்சார்களைக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தாள். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அந்த எடையைப் படித்து அவளுடைய போனுக்குச் சொல்லும். முதலில் வைஃபையில்தான் செய்து பார்த்தாள். அந்தக் காலத்துத் தடிமனான சுவர்கள். தகவல் போனுக்கு வந்து சேர்வதற்குள் அம்மா சமையலறைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால்தான் கேபிள். சந்தையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த ஈதர்நெட் போர்டை, ஒரே ஒரு சில்லும் ஒரு கேபிள் துளையும் மட்டும் உள்ளதை, வாங்கிப் பற்றவைத்தாள்.

விலை குறைந்ததில் ஒரு குறை உண்டு. நல்லவை பிறக்கும்போதே, நெட்வொர்க்கில் தம்மை அடையாளம் காட்டும் ஒரு முகவரியோடு தொழிற்சாலையிலிருந்து வரும். இது அனாதையாக வரும், புரோகிராம் எழுதுகிறவர்தான் முகவரி வைக்க வேண்டும். மாதிரிப் புரோகிராமில் இருக்கும் முகவரியை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள சோம்பேறித்தனம். பின்னறைக் கட்டிலுக்குச் செய்தபோது அவள் அதைத்தான் செய்தாள். குளியலறை பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மாவை முன்னறைக்கு மாற்றியபோது, புதிய கட்டிலுக்கு இரண்டாவது போர்டு செய்து, அதே புரோகிராமை அதே முகவரியோடு ஏற்றினாள். பழையதுதான் செத்துவிட்டதே, யாரோடு சண்டை வரப்போகிறது என்று நினைத்தாள்.

போனை எடுத்துப் பார்த்தாள். வரிசையாக எண்கள் வந்து விழுந்தன. நாற்பத்தொன்று. பூஜ்யம். நாற்பத்தொன்று. பூஜ்யம்.

நாற்பத்தொன்று அம்மாவின் எடை. எலும்பும் தோலுமாக மிச்சம் இருந்தது அவ்வளவுதான். பூஜ்யம் என்றால் கட்டில் காலி. தொடர்ந்து பூஜ்யமாகவே வந்தால்தான் அலாரம் அடிக்கும்படி எழுதியிருந்தாள். நடுநடுவே நாற்பத்தொன்று வந்து விழுந்ததால் அது வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரே முகவரியிலிருந்து இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். இது அலுவலகத்தில் அவள் நூறு தடவை பார்த்த கோளாறு, இதற்கெல்லாம் பயப்படுகிறவர்களைக் கேலி செய்திருக்கிறாள். எங்கோ ஈரம் பட்டு மின்சாரம் கசிந்திருக்கும், பழைய போர்டு அதில் பாதி விழித்துக்கொண்டு உளறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவது கேபிளைப் பிடுங்கினாள். சிமிட்டல் நின்றது. போனில் ஒரு வகை எண் மட்டும் மிஞ்சியது.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

அப்படியென்றால் நாற்பத்தொன்று பின்னறையிலிருந்து வந்தது. காலியாக இருப்பது முன்னறை.

அலாரம் அலறத் தொடங்கும் முன் அவள் முன்னறைக் கதவைத் தள்ளிவிட்டாள். அம்மா படுத்திருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, முடிச்சுப் போட்ட வெள்ளைத் தலையை மட்டும் காட்டிக்கொண்டு எப்போதும் போலப் படுத்திருந்தாள். கையில் போன் அலறியது. அதை அடக்கினாள். சென்சார்தான் கெட்டிருக்கிறது, சனியன். மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று பெரியவன் சொல்லப்போவதும் இப்போதே காதில் கேட்டது.

கட்டிலின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். போனில் ஒன்பது என்று வந்தது. இன்னும் அழுத்தினாள். பதினான்கு. கையை எடுத்தாள்.

பூஜ்யம்.

சென்சார் கெடவில்லை. சின்னவளின் கையை உணர்கிற கட்டில் அம்மாவை உணரவில்லை. போர்வை மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத் துணிவில்லாமல், திரும்பினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து அறையைவிட்டு வெளியே வந்தாள். ஹாலில் மூன்றாவது கேபிளைத் திரும்பச் செருகினாள். ஏன் செருகினோம் என்று அவளுக்கே தெரியாது. விளக்கு உடனே சிமிட்டியது, காத்துக்கொண்டிருந்தது போல.

நாற்பத்தொன்று.

பின்னறைக்குப் போகும் நடை நீளமானது, அதில் பல்பு எரிந்துபோய் ரொம்ப நாளாயிற்று. போன் வெளிச்சத்தில் நடந்தாள். பாதி தூரத்திலேயே வாசனை வந்துவிட்டது: பவுடர், வலி தைலம், அதற்கு அடியில் மூத்திரம். அம்மாவின் வாசனை. மாதக்கணக்காக யாரும் படுக்காத அறையிலிருந்து அது புத்தம் புதிதாக வந்தது. சாத்திவைத்த கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

உள்ளே மெத்தை இல்லாத வெறும் பலகைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். நைட்டி நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. தொங்கிய பாதங்களில் நடையின் தூசி அப்பியிருந்தது. சின்னவள் சால்டரிங் கம்பியும் கையுமாகக் குனிந்திருந்த நேரத்தில், அவள் முதுகுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துப் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பலகைக்கு அடியில் அடாப்டர் இல்லாத போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு நீ? பெரியவன் வந்துட்டானா?"

சந்தேகமே இல்லை, இதுதான் அம்மா. முந்தின நாள் சாயங்காலம்கூட அண்ணன் போனில் கூப்பிட்டபோது அவன் குரலை உடனே கண்டுபிடித்து உருகியவள், இங்கே ஒரு பெண் என்னைக் கவனித்துக்கொள்கிறாள், நல்ல மாதிரி, அவளுக்குச் சம்பளம் பாக்கி வைக்காதே என்று அவனிடம் சிபாரிசு செய்திருந்தாள். பெரியவன் அதைப் பெரிய நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தான். சின்னவள் போனை வைத்துவிட்டு அம்மாவின் மூத்திரத் துணியை அலசினாள்.

"பெரியவன் வரலம்மா. நான்தான். அசையாம உக்காரு, காலைக் கீழ வைக்காத."

"நீ போ. அவனை வரச் சொல்லு."

தூக்கக் குனிந்தாள். அப்போது நடையின் மறு கோடியிலிருந்து, முன்னறையிலிருந்து, குரல் வந்தது. அதே குரல். கரகரப்பும் கடைசியில் இழுக்கும் இழுப்பும் அப்படியே.

"கண்ணு, சாப்பிட்டியாம்மா?"

சின்னவள் நிமிர்ந்தாள். அந்தக் குரலில் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்ததே இல்லை. சின்ன வயதில் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். பிறகு இவள் சம்பாதித்தாள், சமைத்தாள், ஊட்டினாள், துடைத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு நாதியும் இருந்ததில்லை. அம்மாவைத் தூக்க நீட்டிய கைகளை எடுத்துக்கொண்டாள்.

நடைக்கு வந்து நின்றாள். "அம்மா" என்றாள், யாரை என்று தீர்மானிக்காமல்.

இரண்டு பக்கமும் பதில் வந்தது. பின்னாலிருந்து, "யாரது?" முன்னாலிருந்து, "வாம்மா, களைச்சுப் போயிருப்ப."

எது அம்மா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கசப்பாக இருப்பதுதான் அம்மா. அதைத் தூக்கிக்கொண்டு, தெருவாசலைத் திறந்து, அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டும். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் கால்கள் முன்பக்கமாகத் திரும்பின. ஒரு நிமிஷம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். பின்னறையில் பலகை கிறீச்சிட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்னறையில் அது எழுந்து உட்கார்ந்திருந்தது. அம்மாவின் முகம், ஆனால் அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை, அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாக அண்ணனுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கையால் தட்டிக் காட்டியது. தட்டிய கைக்குச் சத்தம் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

உட்கார்ந்தாள்.

அது அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது. முடிக்குள் விரல்கள் நுழைந்தன. குளிர்ச்சி. கனமே இல்லை. ஆனாலும் கோதியது, மெதுவாக, உச்சியிலிருந்து பிடரி வரைக்கும். சின்னவள் அழுதாள். போதும் போதும் என்கிற அளவுக்கு அழுதாள்.

கையில் போன் வெளிச்சமாகவே இருந்தது.

பூஜ்யம். நாற்பத்தொன்று. பூஜ்யம்.

இது முன்னறைக் கட்டில். கையை வைத்தாலே காட்டிய கட்டில். இப்போது அவள் முழு உடம்போடு உட்கார்ந்திருந்தாள்.

பூஜ்யம்.

எழ முயன்றாள். பாதங்கள் தரையைத் தேடின. தரை அங்கேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. கால் அதில் ஊன்றவில்லை.

"எங்க போற? இரும்மா."

நாற்பத்தொன்று.

முப்பது.

பன்னிரண்டு.

பின்னறையில் தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, காய்ந்த குச்சி முறிகிற மாதிரி இன்னொரு சின்னச் சத்தம்.

பூஜ்யம். பூஜ்யம்.

இரண்டு கட்டிலும் இப்போது ஒரே பதிலைச் சொல்லின. அலாரம் அலறியது. அதன் நடுவே, நடையின் இருட்டைத் தாண்டி, பின்னறையில் தரையோடு தரையாகக் கிடந்து, அம்மா கூப்பிட்டாள். பெரியவனை இல்லை. சின்னவளை, பெயர் சொல்லி, பெற்றவள் வைத்த முழுப் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

கோதிய விரல்கள் மெல்ல இறங்கி வந்து சின்னவளின் காதைப் பொத்தின.