றோமப் பிரபுவின் தோள்மடிப்பு

சனிக்கிழமை காலை, வைலே நகரில் துவாரகாவின் வீட்டுக்குள் வந்த கிளோறியா சப்பாத்தைக் கழற்றவும் மறந்திருந்தாள். அவள் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்பவள். காப்புறுதி நிறுவனமொன்றுக்காகக் களவுகளை விசாரிப்பவள் துவாரகா.

“கண்காட்சியிலை இருந்த தங்க மோதிரம் நேற்றுக் காணாமல் போட்டுது அக்கா. பெட்டி உடைபடேல்லை. துடைக்கிறதுக்காகச் சாவி என்னட்டை. திங்கட்கிழமை பொலிஸ் கூப்பிடுது. வேலை போனால் விசாவும் போயிடும்.”

துவாரகாவின் கணவன் தாரகன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். “ஆரிலை சந்தேகம்?” என்று முந்திக்கொண்டான்.

கண்காட்சி றோமரின் சமூக வகுப்புகளைப் பற்றியது. மோதிரம் ஒன்பது மணிக்கு இருந்தது, ஒன்பதரைக்கு இல்லை. பிரபு வேடமிடும் வழிகாட்டி ஜோன்சன், அந்த அரைமணி நேரமும் உடைமாற்றும் அறையில் தனியே தோகா என்ற றோம மேலாடையைச் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தான்.

“அவர் செய்யமாட்டார். வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான், ஞாயிறு பூசைக்குக் காரிலை ஏத்துறதும் அவர்தான்,” என்றாள் கிளோறியா.

துவாரகா கைபேசியில், அருங்காட்சியகம் பகிர்ந்திருந்த நேற்றைய படமொன்றைப் பெரிதாக்கினாள். ஜோன்சனின் இடது தோளில் ஒரே அளவான மடிப்புகள். அடியில் ஊசியின் மினுக்கம்.

“வடிவாய்த்தான் சுற்றியிருக்கிறார்,” என்றான் தாரகன். “எனக்கு வேட்டியே இடுப்பிலை நிக்காது.”

“ஆறு மீற்றர் துணி. றோமருக்கே சுற்றிவிட அடிமை வேணும். அவை ஊசி குத்துறதுமில்லை. இது சேலைத் தலைப்புக்கு மடிப்பெடுக்கிற கை. எப்ப கட்டிவிட்டனீர், கிளோறியா?”

கிளோறியாவின் முகம் வெளுத்தது. “எட்டே முக்காலுக்கு. பத்து நிமிசம். வழிகாட்டியள் தாங்களாய்க் கட்டவேணுமாம், ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்.”

“சாவி?”

“மேசையிலை வைச்சன், ரெண்டு கையும் வேணுமே. எடுக்க மறந்துபோனன். ஒன்பதரைக்கு அவர்தான் கொண்டுவந்து தந்தவர். நல்ல மனுசன் எண்டு நினைச்சன்.”

“ஆள் பிடிபட்டார்!” தாரகன் எழுந்துவிட்டான்.

“இருங்கோப்பா. ஒன்பதுக்கு முன்னமே உடுத்தி முடிச்சவர், பிறகு அரைமணித்தியாலம் உடுத்தினதாய்ச் சொல்லுறார். கையிலை சாவி. ஆனா இவ வாய் திறந்தால்தான் பொலிஸுக்கு அது தெரியும்.”

கிளோறியா தலை குனிந்தாள். “றோமிலை ஏழைச்சனம் ஒவ்வொருநாளும் விடியப் பிரபுவின்ரை வாசல்லை போய் நிப்பினமாம். அவர் சாப்பாடு குடுப்பார். அவருக்கு வழக்கெண்டால் அவை அவரின்ரை பக்கம் நிக்கவேணும். ஜோன்சன் அண்ணை நெடுக இதை ஆக்களுக்குச் சொல்லுவார். நிலத்தைக் கூட்டிக்கொண்டு நான் கேப்பன்.”

அவளுடைய கைபேசி அடித்தது. திரையில் ஜோன்சனின் பெயர். மூவரும் அதையே பார்த்திருந்தார்கள். அது அடித்து ஓய்ந்தது.

“பொலிஸ் நம்பரைச் சொல்லுங்கோ அக்கா,” என்றாள். பிறகு தாரகனிடம் திரும்பினாள்.

“அண்ணை, நாளைக்குப் பூசைக்கு பஸ் எத்தினை மணிக்கு?”