ஒன்பதே விநாடியில் ஒரு பிணம்!

"ஐயோ...!"

மெல்போர்னை ஒட்டிய டாண்டினாங்கில், மெராங்கா பம்ப் தொழிற்சாலையின் காலை ஷிப்ட் அந்த அலறலோடுதான் தொடங்கியது.

அலறியவள் அனசேனி. டோங்கா தீவுக்காரி. பதினோரு வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள்.

அவளுடைய மெஷினுக்குள் ஓர் ஆள் தலையை விட்டிருந்தார்.

தலை இருக்க வேண்டிய இடத்தில்... நூறு டன் இரும்பு!

செத்தவர் ரஸ்ஸல் பின்ச். கம்பெனிக்கு உலகம் முழுக்க ஏழு ஆலைகள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மார்க் போடுவது அவர் வேலை. முதலில் வரும் ஆலையை மற்றவை காப்பியடிக்க வேண்டும். கடைசியில் வரும் ஆலையை மூடிவிடுவார்கள்.

இதற்குப் பெயர் முன்னேற்றம்!

டிடெக்டிவ் சார்ஜென்ட் கேத் ஸ்டாவ்ரூ காரை விட்டு இறங்கினாள். மேனேஜர் டேரன் விட்லாக் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்ஜென்ட்... பாடியைக் கொஞ்சம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கலாமா?"

"எதுக்கு?"

டேரன் சுவரைக் காட்டினார். பெரிய போர்டு.

விபத்தில்லாத நாட்கள்: 1412.

"அதுக்கு மட்டும் இருபது மார்க்!"

கேத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறார், டேரன்."

"வருத்தம்தான்... இயற்கை மரணம்னு எழுத வழியிருக்கா?"

"தலை மேல நூறு டன் இறங்கியிருக்கு."

"ஹார்ட் அட்டாக் வந்து உள்ள சாஞ்சிருக்கலாமே?"

கேத் அனசேனியைத் தனியே அழைத்தாள்.

"ஆள் உள்ள குனிஞ்சா மெஷின் நிக்காதா?"

"நிக்கணும். ரெண்டு மாசம் முன்னாடி அந்த சென்சரைக் கம்பி போட்டு முடக்கிட்டாங்க."

"யாரு?"

"வேற யாரு? ஜப்பான் ஆலையில ஒரு பம்ப் மூடி அடிக்க ஒன்பதே விநாடியாம். எங்களுக்குப் பதினாலு. 'அவங்களால முடியுது, உங்களுக்கு என்ன கேடு?'ன்னு டேரன் தினம் உயிரை எடுத்தார். கம்பி போட்டார். அன்னிக்கே ஒன்பது வந்துடுச்சு!"

"நீங்க யாரும் புகார் கொடுக்கலையா?"

அனசேனி இடது கையைத் தூக்கினாள். சுண்டுவிரலில் பாதி இல்லை!

"வீட்ல நறுக்கிக்கிட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. இந்த இடத்தை மூடினா அறுபது பேர் நடுத்தெருவுல நிக்கணும். நானும் கையெழுத்து போட்டேன்... மிச்ச விரலை வெச்சு."

விரல் போன அன்று போர்டில் 1380. மறுநாள் 1381.

கேத் டேரனிடம் திரும்பி வந்தாள். கொட்டாவி விட்டாள்.

"கேஸ் முடிஞ்சுது. சென்சர் வேலை செய்யல. பாவம், குனிஞ்சு பார்த்திருக்கார். விபத்து."

டேரனின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"விபத்தா? கூடாது! போர்டு சைபர் ஆயிடும்! சாயங்காலம் ரிசல்ட் வருது, மூடிடுவாங்க!"

"அவர் வெளியாள்தானே?"

"வெளியாளும் கணக்குல வருவாங்க! கையேட்டுல நாற்பதாம் பக்கம்!"

"வேற என்னன்னு எழுதறது? கொலைன்னா?"

டேரனின் கண்களில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்!

"கொலை... அது மார்க்ல வராது! அது உங்க டிபார்ட்மென்ட்! கொலைன்னே எழுதுங்க!"

"ஆதாரம் வேணுமே..."

"பின்மண்டையில ஸ்பேனர் அடி விழுந்திருக்கே, அது போதாதா?"

கேத் மெல்லச் சிரித்தாள்.

"மண்டையே இல்ல, டேரன். பின்மண்டையை நீங்க எப்போ பார்த்தீங்க?"

டேரன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"ஆறு மணிக்கே வந்துட்டார். 'அந்த ஒன்பதுல ஒரு தப்பு இருக்கு, தனியா பேசணும்'னார். கம்பியைக் கண்டுபிடிச்சிட்டார்னு நினைச்சேன்... கையில ஸ்பேனர் இருந்தது... அடி தெரியக் கூடாதுன்னு மெஷினுக்குள்ள தள்ளினேன்... அறுபது குடும்பம், சார்ஜென்ட்!"

"அறுபது குடும்பமும் கொல்லச் சொல்லிச்சா?"

கான்ஸ்டபிள் லாம் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"பாஸ், செத்தவர் பையில இருந்தது. டேரனுக்கு எழுதின கடிதம்."

"படி."

"'மன்னிக்கவும் டேரன். ஜப்பான் ஆலையின் நேரம் ஒன்பது விநாடி அல்ல... பத்தொன்பது. டைப் செய்ததில் என் பிழை. உங்கள் பழைய பதினாலுதான் ஏழு ஆலைகளிலும் முதலிடம். நேரில் மன்னிப்புக் கேட்க வருகிறேன்.'"

அனசேனி தன் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேரனைப் பார்த்தாள். டேரனால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"முதலிடம்..." என்றார், அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில்.

கேத் விலங்கை மாட்டினாள்.

காரில் ஏறியதும் லாம் துள்ளினான். "வந்து நாற்பதே நிமிஷம், பாஸ்! ரெக்கார்டு! ஹெட் ஆபீசுக்குச் சொல்லிடட்டுமா?"

"வாயை மூடு, லாம்! நாளையிலிருந்து எல்லாக் கொலையையும் நாற்பது நிமிஷத்துல முடிக்கச் சொல்வாங்க!"