பின்னறையில் வைத்த முகம்

ஞானசிகாமணியின் மனசுக்குள் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டின் பின்னறைக் கதவு அன்றைக்குத் திறந்து கிடந்தது. அவர் திறக்கவில்லை.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால். உத்தமபாளையத்துத் தகரக் கூரைகளையெல்லாம் மலைக்காற்று தூக்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காததுபோலத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. ஞானசிகாமணி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். வாயும் கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் இதைத் தூக்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ‘உள்வீட்டு உலா’ என்று இதற்கு அவரே பெயர் வைத்து, நோட்டீஸ் அடித்து, ஊர் முழுக்க ஒட்டியும் இருக்கிறார்.

அவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். மாடியில் ‘நினைவுச் சிகரம்’ என்ற பெயரில் வகுப்பு நடத்துகிறார். அரசாங்கப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வருவார்கள். அவர் சொல்லித்தரும் வித்தை லேசானது. உன் வீட்டை மனசில் நிறுத்து. மறக்கக் கூடாததை அங்கே ஒவ்வொரு இடமாக வை. வேண்டும்போது உள்ளே நடந்துபோய் எடுத்துக்கொள். அவருடைய உள்வீட்டில் செருப்பு ஸ்டாண்டில் அடிப்படை உரிமைகள் இருந்தன. ஃபிரிட்ஜின் மூன்று தட்டில் மூன்று பானிப்பட்டுப் போர்கள். மனிதர்களையும் வைத்திருந்தார். பீரோ முன்னால் செத்துப்போன அப்பா, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு. அடுப்படி வாசலில் கல்யாணமான மறுநாள் கோலத்தில் மனைவி மொக்கம்மாள், தலையில் ஈரத் துண்டோடு. வெளியே இருக்கிற வீட்டை மொக்கம்மாள் பெருக்குவாள். உள்வீட்டை அவரே தினமும் ஒரு நடை நடந்து தூசி தட்டி வைப்பார்.

பின்னறையில் மட்டும் ஒரே ஒரு பொருள். வீரணனின் முகம்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காமயகவுண்டன்பட்டியில் டியூஷன் முடித்து மொபெட்டில் திரும்பும் வழியில், ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் காவல்காரர் நல்லகண்ணுவை ஒருவன் அடித்துத் தள்ளியதைப் பார்த்த ஒரே சாட்சி ஞானசிகாமணி. கோர்ட்டில் விரல் நீட்டி, “இந்த முகம்தான் ஐயா. இந்த ஜென்மத்துக்கும் மறக்காது” என்றார். வீரணன் உள்ளே போனான், ஞானசிகாமணி மேடை ஏறினார். எந்தக் கூட்டமானாலும் முதல் பத்து நிமிஷம் அந்தக் கதைதான். கைதட்டல் வரும் இடங்கள் அவருக்கு மனப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு மண்டபத்தில் ‘நினைவு வேந்தர்’ பட்டம் கொடுக்கிறார்கள். பிளெக்ஸ் அடித்தாகிவிட்டது. அதில் அவருடைய தலைக்குப் பின்னால் சூரியன்.

கதவு திறந்துகிடந்ததற்குக் காரணம் மத்தியானம் வந்துபோன பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

மூன்று மணிக்கு வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். “அல்லிநகரத்துல ஒரு லேப்புல வேலை பாக்குறேன் சார். பேரு மகாலட்சுமி. வீரணன் மக.”

சகலமும் நினைவில் இருக்கும் ஞானசிகாமணி பின்னறையில் வைத்தது முகத்தை மட்டும்தான். அந்த முகத்துக்கு ஒரு மகள் இருக்கக்கூடும் என்று அவர் எந்த இடத்திலும் குறித்து வைக்கவில்லை.

அவள் ஒரு தாளை நீட்டினாள். “சம்பவம் நடந்த அன்னைக்கு ராத்திரி நீங்க சொன்னது. வக்கீல் விஜயகுமார் சார் தேடி எடுத்தாக. ‘ஆளின் முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.’ கீழ உங்க கையெழுத்து.”

“அதிர்ச்சியில சொல்லியிருப்பேன். ஞாபகம் படியறதுக்கு நேரம் எடுக்கும்மா. அது விஞ்ஞானம்.”

“பதினோரு நாளா சார்? எங்கப்பாவைப் பிடிச்ச மறுநாதேன் படிஞ்சுச்சாக்கும்?”

சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மொக்கம்மாளுக்குக் காது கூர்மை.

“நீங்க பேசுன வீடியோ மூணு பாத்தேன் சார். மொதல்ல அந்த ஆளு கையில டார்ச் லைட்டு. அடுத்ததுல நெலா வெளிச்சம். போன வருசம் பேசுனதுல பௌர்ணமி. அன்னைக்கு அமாவாசைக்கு மறுநா. தூத்தல் வேற. ஒரே ரத்தத்தை மூணு வாட்டி வச்சு மூணு ரிசல்ட்டு வந்தா, எங்க லேப்புல ரத்தத்தைக் குத்தம் சொல்ல மாட்டோம் சார். மெஷினத்தேன் பிரிச்சுப் பாப்போம்.”

ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். மேடையில் இந்தச் செருமலுக்கே ஒரு மரியாதை உண்டு.

“அப்பாவுக்கு ஒரு கண்ணு அவிஞ்சுபோச்சு. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ‘முகத்தைப் பாத்தேனான்னு எனக்கு உறுதியாத் தெரியலை.’ அதை வச்சு மனுப் போட்டா வெளிய கொண்டுவரப் பாக்கலாம்னு வக்கீல் சொல்றாக. ஆறு மணிக்கு வர்றேன் சார்.”

அவள் போனதும் மொக்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். “எழுதிக் குடுத்துவிடுங்க.”

“பார்த்த முகத்தைப் பார்க்கலேன்னு எப்படி எழுதறது?”

“முந்தாநா என் தம்பி மகன் வந்தான். ‘யாருப்பா நீ, எந்த பேட்ச்’னு கேட்டீக. காதுகுத்துக்கு மடியில வச்சு உக்காந்த தாய்மாமன் நீங்க.”

“நான் தாய்மாமன் இல்லை, அத்தை புருஷன்.”

“அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.” அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

பார்த்துவிடலாம் என்று ஞானசிகாமணி கண்ணை மூடினார். உள்ளே போவது, அந்த முகத்தை எடுப்பது, சந்தேகம் தீர்ந்தது என்று வெளியே வருவது. அவ்வளவுதானே. வாசலைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, பீரோவில் எதையோ துழாவிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகைத் தாண்டி, ஈரத் துண்டோடு நின்ற மொக்கம்மாளின் மஞ்சள் வாசனையைத் தாண்டிப் போனபோதுதான் கவனித்தார். வீடு முழுக்க இன்னொரு வாசனை. அழுகிய திராட்சையும் கொடிக்குத் தெளிக்கிற மயில்துத்தமும் கலந்த, நாக்கின் அடியில் செம்புக்காசு வைத்ததுபோன்ற வாசனை. திறந்து கிடந்த கதவுக்குப் பின்னால் அறை இல்லை. தோட்டம் இருந்தது.

பந்தல் தலையில் இடிக்கிற உயரத்தில் கொடிகளும் இலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்க, தூறல் நேரே விழாமல் இலையிலிருந்து இலைக்கு வழுக்கி, கடைசியில் பெரிய பெரிய சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் யாரோ ஓர் அடி எடுத்து வைத்ததுபோல் கேட்டது. நிலா இல்லை. டார்ச் இல்லை. தூரத்தில் பம்புசெட் அறைக்கு மேல் ஒரு அழுக்கு பல்பு. ஞானசிகாமணி வேலியோரம் நின்றார். மேடைக் கதையில் இந்த இடத்தில் அவர் இயற்கையை ரசித்துக்கொண்டிருப்பார். இங்கே அவர் பேன்ட் ஜிப்பைத் திறந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கிணற்று மேட்டில் ஓர் உருவம். முதுகு.

மண்ணில் ஏதோ இழுபடும் சத்தம். ஒரு முனகல். பிறகு தண்ணீர். கனமான ஒன்றை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூடிக்கொண்ட தண்ணீர்.

இந்த இடத்தில் அவன் திரும்புவான். எத்தனையோ நூறு முறை திரும்பியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவர் வாய், “திரும்பினான், பார்த்தேன்” என்று சொல்ல, அவன் திரும்புவான். வீரணனாக இருப்பான். இன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. சும்மா நின்று பார்த்தார்.

உருவம் அசையாமல் நின்றது. அதுவும் அவர் சொல்லுக்காகக் காத்திருப்பதுபோல. சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. பிறகு மெல்ல, தானாகவே திரும்பியது.

முகம் இல்லை.

ரத்தமோ காயமோ இல்லை. போஸ்டர் கிழித்த சுவர்போல இருந்தது அந்த இடம். நாலு மூலையிலும் பசை காய்ந்த தடம். நடுவில் வெறும் கருநிறம். இவ்வளவுதான் அன்றைக்கு அவர் பார்த்தது.

அந்தக் கருநிறத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை மேஜை. இது தோட்டத்தில் இருக்கக் கூடாத பொருள். மேஜைமேல் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ: அடர்ந்த மீசை, இடது கண்ணுக்குக் கீழே மச்சம். அதன்மேல் ஒரு போலீஸ்காரரின் விரல். “நல்லாப் பாத்துக்கங்க சார். அடையாள அணிவகுப்புல தடுமாறக் கூடாது.” நாற்பத்தோரு வயது ஞானசிகாமணி பெருமையாகச் சிரிக்கிறார். “ஒரு தடவை பார்த்தா போதும். நமக்குன்னு ஒரு முறை இருக்கு.” கண்ணை மூடுகிறார். போட்டோவில் இருந்த முகத்தை எடுத்துக்கொண்டு உள்வீட்டுக்குள் நடக்கிறார். எங்கே வைக்கலாம் என்று தேடுகிறார். பொருத்தமான இடம் ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். மறக்காமல் இருக்க.

காலிங் பெல் அடித்தது.

கண் திறந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை பாதி கரைந்துவிட்டது. மணி ஆறு. மகாலட்சுமி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். பேனா மூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தாள்.

ஒரு வரி. எழுதிவிடலாம். கை பேனாவை நோக்கிப் போகக்கூடச் செய்தது. அப்போது கண்ணில் பட்டது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பிளெக்ஸ். சூரியன். அதற்கு முன்னால் அவர். ஞாயிற்றுக்கிழமை முதல் பத்து நிமிஷம் எதைப் பேசுவது?

“ஒரு நிமிஷம்மா” என்று கண்ணை மூடினார்.

ஓடினார். மேஜைமேல் கிடந்த முகத்தை எடுத்தார். காலியிடத்தில் வைத்தார். ஒரு மூலை. இரண்டு. மூன்று. அது கதகதப்பாக இருந்தது. போட்டோ கதகதப்பாக இருக்காதே. நான்கு. அழுத்தினார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தாடை இறுகியது. இவ்வளவு வருஷமாகக் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் நகர்ந்தன. அவர் பக்கம் வந்து நின்றன.

கண்ணைத் திறந்துகொண்டு, மேடைக் குரலில் சொன்னார்: “பார்த்தேம்மா. நல்லாவே பார்த்தேன். உங்கப்பாதான்.”

மகாலட்சுமி அழவில்லை. பேனாவுக்கு மூடி போட்டாள். “சரிங்க சார். அந்த மொகத்தை நீங்களே வச்சுக்கங்க. எங்க வீட்டுல இப்ப அது யாருக்கும் ஞாபகமில்லை. ஜெயில் கம்பிக்குள்ள நாங்க பாக்குறது வேற மொகம்.”

அவள் ஸ்கூட்டி சத்தம் காற்றில் கரைகிற வரைக்கும் அவர் நின்றார். பிறகு நாற்காலியில் விழுந்தார். நல்லதாக எதையாவது பார்க்க வேண்டும். பழக்கத்தில் கண் தானாக மூடியது.

பீரோ முன்னால் அப்பா. தேடுவதை நிறுத்தியிருந்தார்.

“அப்பா.”

திரும்பினார். வேட்டி அப்பாவுடையது. கூன் அப்பாவுடையது. முகம் முப்பத்தொரு வயது. இடது கண்ணுக்குக் கீழே மச்சம்.

வீரணன்.

அடுப்படிக்கு ஓடினார். ஈரத் துண்டு. மஞ்சள் வாசனை. புதுத் தாலிச் சரடு. அதற்கு மேலே அடர்ந்த மீசை. மச்சம். வீரணன். மாடிப்படியில் அவருடைய மாணவர்கள், முப்பது வருஷத்துப் பிள்ளைகள், வரிசையாக. ஆணும் பெண்ணும். ரெட்டைச் சடை. அரைக்கால் சட்டை. எல்லார் கழுத்துக்கும் மேலே அதே முகம். அடையாள அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார்கள்.

கண்ணைப் பிய்த்துக்கொண்டு திறந்தார்.

கூடம் இருட்டியிருந்தது. காற்று நின்றிருந்தது. சுவரில் சந்தன மாலை போட்ட அப்பாவின் படம். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

மச்சம்.

அப்பாவின் நிஜ முகம் எப்படி இருக்கும்? மூக்கு நீளமா? நெற்றி அகலமா? தேடினார். எந்த அறையிலும் இல்லை. அம்மா? இல்லை. மொக்கம்மாள்? சிரித்தால் கன்னத்தில் ஏதோ விழும். குழியா? மடிப்பா? எந்தக் கன்னம்? முப்பத்துமூன்று வருஷம் ஒரே வீடு. தினமும் பார்த்த முகம். கைவைத்த இடமெல்லாம் பசை.

கேட் தாழ்ப்பாள் சத்தம். மெட்டி. செருப்பு கழற்றும் சத்தம். கற்பூர வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. அவர் தலையைக் குனிந்து தன் பாதத்தையே பார்த்தார்.

“ஏங்க, இருட்டுக்குள்ள என்ன பண்றீக?” மொக்கம்மாளின் குரல். அவளுடைய குரலேதான். “அந்தப் புள்ள வந்துச்சா? எழுதிக் குடுத்தீகளா?”

“லைட்டைப் போடாதே.”

“என்னத்துக்கு?”

“போடாதே மொக்கம்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

ஸ்விட்ச் தட்டும் சத்தம்.

தரையில் அவளுடைய பச்சைச் சேலைக் கரை தெரிந்தது. மெட்டி போட்ட கால்விரல்கள். அவை பக்கத்தில் வந்தன. வளையல் கை அவர் மோவாயின் கீழே போனது. காய்ச்சலா என்று பார்க்கும்போது எப்போதும் செய்வதுபோல, மெதுவாகத் தலையை நிமிர்த்தியது.

“என்னைப் பாருங்க” என்றது அவள் குரல்.

நெற்றியில் ஆடி வெள்ளிக் குங்குமம் ஈரமாக வழிந்திருந்தது. காதோரம் மல்லிகை. நடுவில், மீசைக்கு அடியில் அவள் சிரிப்பைச் சிரிக்க முயன்றபடி, இமைக்கத் தெரியாத அந்த இரண்டு கண்கள் அவர் மேல் குனிந்துகொண்டே வந்தன.